அண்ணன் ஈரலுக்குப் போட்ட வழி

சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வருகிறவன் பெட்டியில் கோடாலித் தைலம் இல்லாவிட்டால், அவன் சிங்கப்பூரிலிருந்துதான் வந்தான் என்பதை எங்கள் ஊரில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இந்தத் தடவை தைலம் வாங்க எனக்கு நேரமில்லை, மனமும் இல்லை. திருச்சி விமான நிலையத்தில் ஆளாளுக்குக் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளை இழுத்துக்கொண்டிருந்தபோது, நான் ஓரமாக நின்று கைப்பேசியில் அண்ணனின் ஈரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிஜமாகவே ஈரல்தான். வெள்ளை வெள்ளையாக விலா எலும்புகள், அவற்றுக்குப் பின்னால் காப்பிப்பொடி நிறத்தில் ஈரல், அதற்குள் நெல்லிக்காய் அளவில் மஞ்சளாக ஒரு கட்டி. உடம்புக்கு வெளியிலிருந்து ஒரு பச்சைக் கோடு கிளம்பி, இரண்டு எலும்புக்கு நடுவே நுழைந்து, நீல நிற ரத்தக்குழாய் ஒன்றை விட்டு ஒதுங்கி நேராக மஞ்சளில் போய் முடிந்தது. படத்துக்குக் கீழே அண்ணன் எழுதியிருந்தார்: "ஊசி போற வழி. கம்ப்யூட்டரே யோசிச்சுப் போட்ட பிளான். நீ பிளான் பாக்குறவன்தான, வந்து பாரு."

நான் சிங்கப்பூரில் டவர் கிரேன் ஓட்டுகிறேன். அங்கே ஒரு கட்டு இரும்புக் கம்பியைத் தூக்குவதானாலும் முதலில் பிளான் போட வேண்டும். எங்கிருந்து எங்கே, எந்தப் பக்கமாகச் சுற்றி, கீழே யார் நிற்கக் கூடாது என்று எல்லாம் அதில் இருக்கும். கொக்கி என் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இறங்குகிறதென்றால், கீழே ஒரு ஆள் நின்று வாக்கிடாக்கியில் சொல்லிக்கொண்டே இருப்பான். அவன் குரல் நின்றால் என் கையும் நின்றுவிட வேண்டும். எங்கள் சீன சூப்பர்வைசர் எனக்குச் சொன்ன முதல் பாடம், தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தெரியலையா, தூக்காதே." அண்ணன் என்னை அழைத்தது இந்தத் தகுதிக்காகத்தான்.

விமான நிலையத்திலிருந்து வந்த டாக்சிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவேயில்லை. எதிரே ஒரு ஆடுகூட இல்லாத இடத்திலும் அடித்தார். சிங்கப்பூரில் வருடக்கணக்கில் ஹாரன் சத்தமே கேட்காமல் இருந்துவிட்டு வருகிறவனுக்கு முதல் நாள் தலை வெடிக்கும், மூன்றாம் நாள் அது இல்லாவிட்டால்தான் தூக்கம் வராது. "எதுக்கண்ணே சும்மா அடிக்கிறீங்க?" என்றேன். "நாம வாரோம்னு ரோட்டுக்குத் தெரியணும்ல" என்றார். எங்கள் ஆவூர் மாதா கோவில் தூரத்திலேயே தெரிந்தது.

வீட்டு வாசலில் அண்ணி பிலோமினா நின்றிருந்தார். "வாங்க தம்பி, நல்லாருக்கீங்களா? எளச்சுட்டீங்களே" என்றார். இளைத்திருந்தது யாரென்று உள்ளே போனதும் தெரிந்தது. அண்ணன் சூசைராஜ் நாற்காலியிலிருந்து எழுந்தபோது சட்டை மட்டும் எழுந்தது போலிருந்தது. கண்ணில் மஞ்சள். குரல் மட்டும் பழைய வகுப்பறைக் குரல். அவர் கீரனூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியார். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. ஒரே மகள் கோயம்புத்தூரில் நிறைமாதம். அவளுக்கு முழுதாக எதையும் சொல்லியிருக்கவில்லை.

அண்ணி எனக்குக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். அண்ணனுக்கு உப்பில்லாத புடலங்காய்க் கூட்டு. நான் கூச்சப்பட்டுக்கொண்டே சாப்பிட்டேன். அண்ணன் நாற்காலியை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு மூச்சை இழுத்தார். "டாக்டர் உப்பத்தான் வேண்டாம்னாரு. வாசனைல உப்புக் கெடையாது."

பிறகு பாடம் எடுத்தார். எப்போதோ ரத்தத்தில் புகுந்த காமாலைக் கிருமி வெளியேறாமல் உள்ளேயே இருந்து ஈரலைத் தழும்பாக்கிவிட்டது. பீர் பாட்டிலைத் தொடாத மனுஷன். ஆனாலும் 'வாத்தியார் வீட்டுக்குள்ள வச்சுக் குடிச்சிருப்பாரு போல' என்று ஊரில் பேச்சு. அதைக் கேட்டபோது எனக்கு நாலு பேரை அறையலாம் போலிருந்தது. தழும்பான ஈரலில் கட்டி. அறுத்தெடுக்கலாமென்றால் ஈரல் தாங்காது. அதனால் தோல் வழியாக ஒரு ஊசியை விட்டு, அதன் நுனியில் சூடேற்றி, கட்டியை இருந்த இடத்திலேயே சுட்டுவிடுவது. கட்டி ஒன்றே ஒன்றாக, சின்னதாக இருந்தால்தான் இது ஆகும். அண்ணனுக்கு ஒன்றுதான் இருந்தது. ஒரு நாள் படுக்கை, மறுநாள் வீடு.

"ஊசி போற வழில நுரையீரல் இருக்கு, பித்தப்பை இருக்கு, ரத்தக்கொழாய் இருக்கு. முன்னாடியெல்லாம் டாக்டரு மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுக் குத்துவாங்களாம். இப்ப ஸ்கேன் படத்தக் கொடுத்தா இந்த ஏஐ அத்தனையையும் தனித்தனியா கலர் போட்டுக் காட்டி, எந்த வழி நல்ல வழின்னு சொல்லிருது. குத்துறது டாக்டருதான்" என்றார். அவர் கைப்பேசியைத் திறந்தார். முகப்பிலேயே அந்தப் படத்தை வைத்திருந்தார். மற்றவர்கள் பேரப்பிள்ளை படம் வைக்கிற இடம் அது.

செவ்வாய்க்கிழமை காலை வெறும் வயிற்றோடு புதுக்கோட்டைக்குக் கிளம்பினோம். அங்கே புதிதாக வந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு, இந்த ஊசி வேலை தெரிந்த டாக்டர் செவ்வாயும் வெள்ளியும் திருச்சியிலிருந்து வருவார். படத்தைப் போன வாரம் அனுப்பி வைத்தது ஆஸ்பத்திரி அலுவலகம். டாக்டரை அண்ணன் அன்றுதான் நேரில் பார்க்கப் போகிறார். அன்றே சேர்த்துக்கொள்வார்கள் என்று அண்ணி ஒரு பையில் போர்வை, தட்டு, டம்ளர், ஜெபமாலை எல்லாம் எடுத்து வைத்திருந்தார்.

கார் வைக்கலாம் என்றேன். "பஸ் இருக்கயில காரு எதுக்குடா? நான் என்ன மாப்பிள்ளையா?" என்றார் அண்ணன். கீரனூர் வரை மினி பஸ், அங்கே மாறி புதுக்கோட்டை பஸ். எங்களுக்கு முன் சீட்டில் இரண்டு கல்லூரிப் பெண்கள். ஒருத்தி சொன்னாள்: "அசைன்மென்ட்ட ஏஐகிட்டயே கேட்டுட்டேன்டி, ரெண்டு நிமிசத்துல எழுதிக் குடுத்துருச்சு." மற்றவள் சொன்னாள்: "பாத்துக்கடி, அதுக்குத் தெரியாட்டியும் தெரிஞ்ச மாதிரியே எழுதி வச்சுரும்." அண்ணன் என் தொடையைத் தட்டிச் சிரித்தார். வாத்தியார் சிரிப்பு.

பாதி வழியில், ஒரு கண்மாய்க்கரை ஓரத்தில், பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து புகை கிளம்பியது. எல்லோரும் இறங்கினோம். சிங்கப்பூரில் பஸ் நின்றால் அடுத்த பஸ் வந்து அப்படியே அள்ளிக்கொண்டு போகும். இங்கே டிரைவர் குடத்தைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கு நடந்தார். நான் கண்டக்டரிடம் கத்தினேன். "நோயாளிய வச்சுக்கிட்டு நடுரோட்டுல நிக்கிறோம், ஒங்களுக்குக் கொஞ்சமாச்சும் இருக்கா?" அவர் நிதானமாக, "கோவப்படாதீங்கண்ணே. பெரியவர அங்கிட்டு நெழல்ல உக்கார வைங்க. இஞ்சினுக்கும் மூச்சு வாங்குது, என்ன செய்ய?" என்றார். அண்ணன் ஒரு மைல்கல்லில் உட்கார்ந்தார். அண்ணி குடை பிடித்தார். வெயிலில் அண்ணன் முகம் இன்னும் மஞ்சளாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்குள் நோயாளியோடு ஒரு ஆள்தான் போகலாம் என்றார்கள். அண்ணி எழுந்தார். "அவன் வரட்டும் பிலோமி, பிளான் பாக்கத்தான வந்துருக்கான்" என்றார் அண்ணன். அண்ணி பையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பவும் உட்கார்ந்தார்.

டாக்டர் நர்மதா என்னைவிட வயதில் சிறியவர். திரையில் அந்தப் படம் இருந்தது. கைப்பேசியில் பார்த்ததைவிடப் பெரிதாக, அவர் விரலை அசைத்தால் அசைந்து திரும்பியது. மேலே, கீழே, முதுகுப் பக்கம். பச்சைக் கோட்டைத் தவிர இரண்டு சிவப்புக் கோடுகளும் இருந்தன. ஒன்று நுரையீரல் நுனியை உரசுகிறது, மற்றொன்று குழாய்க்குப் பக்கத்தில் போகிறது, அதனால் அவற்றை ஏஐ ஒதுக்கிவிட்டது என்று விளக்கினார். பச்சைக் கோடு பிசகில்லாமல் இருந்தது. கிரேன் பிளான் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன்.

பிறகு அவர் ஈரலை மேலிருந்து குனிந்து பார்ப்பதுபோல் திருப்பினார். மேல் மூலையில், விலா எலும்புகளுக்குள் ஒளிந்திருக்கிற பாகத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. அதன்மேல் கோடு கோடாகக் கீறியிருந்தது. எங்களுக்கு வந்த படத்தில் இந்தப் பக்கமே இல்லை. மஞ்சளும் பச்சையும் தெரிகிற பக்கத்தைத்தான் யாரோ எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"இது என்ன மேடம்?" என்றேன்.

"இந்த எடத்துல தனக்கு ஒண்ணும் புரியலைன்னு மெஷின் சொல்லுது. நல்லாருக்குன்னும் சொல்லல, கெட்டுப்போச்சுன்னும் சொல்லல" என்றார். "ஸ்கேன் ரிப்போர்ட்லயும் ஒரு வரி போட்டிருக்காங்க, இந்தப் பகுதி தெளிவா இல்லைன்னு. நான் அசல் படத்தப் பாக்குறேன், இருங்க."

வண்ணமெல்லாம் போய்க் கறுப்பு வெள்ளைப் படம் வந்தது. உடம்பைக் குறுக்கே வெட்டிவைத்த வட்டம். அதைச் சுற்றித் தோலுக்கு வெளியே வெள்ளைப் புள்ளிகள் வளையம்போல் மின்னின. ஒவ்வொன்றிலிருந்தும் உள்ளே வெள்ளைக் கீற்றுகள் பாய்ந்து ஈரலின் அந்த மூலையை மூடியிருந்தன. வலப்பக்கம் ஒரு புள்ளி மட்டும் பெரிதாக, கண் கூசுகிற மாதிரி.

"சார், இந்த ஸ்கேன் எடுக்கும்போது ஒடம்புல ஏதாச்சும் உலோகம் இருந்துச்சா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் அவரைப் பார்த்தேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு எக்ஸ் கதிர் பாடம் நடத்திய மனுஷன். அவருக்குப் படத்தைப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று.

வெள்ளி அரைஞாண்கொடி. அதில் ஒரு வெள்ளிச் சுரூபம், மாதா உருவம் பதித்தது. போன தடவை காமாலை முற்றிப் படுத்தபோது, அண்ணி ஆவூர்க் கோவிலில் நேர்ச்சை வைத்து, மந்திரித்துக் கட்டிவிட்டது. நோய் ஆறும்வரை அவிழ்ப்பதில்லை என்பது நேர்ச்சை. அதோடு, எங்கள் பக்கம் ஆண்பிள்ளையின் இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. செத்தவனைக் குளிப்பாட்டும்போதுதான் அதை அறுப்பார்கள். புதுசு மாற்றுவதானாலும் முதலில் புதுசைக் கட்டி, அப்புறம்தான் பழையதை எடுப்பது.

"உலோகம் எல்லாம் கழட்டிட்டீங்களான்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்" என்றார் அண்ணன், வகுப்பில் பிடிபட்ட பையனின் குரலில். "வயித்துலதான படம் எடுக்கப் போறாங்க, குறுக்க இருக்கக் கூடாதேன்னு நான்தான் கொடிய மேல ஏத்தி, விலாவோட சேத்து வச்சுக்கிட்டேன். ஈரல் வயித்துக்குள்ள இருக்குன்னுதான் நெனச்சேன். விலாவுக்குள்ள அம்புட்டு ஒசரம் ஏறியிருக்கும்னு எனக்குத் தெரியல."

இடைஞ்சல் வரக் கூடாதென்று பார்த்துப் பார்த்துச் செய்த காரியம், சரியாக ஈரல்மேல் போய் உட்கார்ந்திருக்கிறது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினேன்.

டாக்டர் கடிந்துகொள்ளவில்லை. "இன்னிக்கு ஊசி வேண்டாம் சார். பாக்காத எடம் ஒண்ணு இருக்கும்போது நான் உள்ள போக மாட்டேன். இன்னொரு தடவ ஸ்கேன் எடுத்துருவோம்" என்றார். தெரியலையா, தூக்காதே. அதே பாடத்தை அவர் வாயில் கேட்டதும் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது, கூடவே பயமும் வந்தது.

ஸ்கேன் அறைக்கு வெளியே உடை மாற்றும் இடத்தில் அண்ணன் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆலங்குடிப் பக்கத்து நர்ஸ் ஒருத்தர் உள்ளே வந்தார். விஷயத்தை நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் கட்டுப்போடும் துணியிலிருந்து நீளமாக ஒரு பட்டையைக் கிழித்தார். "மொதல்ல இதக் கட்டிருவோங்க. அப்புறம் அத எடுத்துக்கலாம். எங்க வீட்டுலயும் அப்புடித்தான்" என்று சொல்லி, அண்ணனின் இடுப்பைச் சுற்றித் துணியை முடிந்தார். "நூலாயிருந்தா ஒண்ணும் பண்ணாதுங்க. படத்துலகூடத் தெரியாது." பிறகுதான் வெள்ளிக்கொடியின் கொக்கியைக் கழற்றினார்.

"ஊசி போட்டு முடியுறவரைக்கும் ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்று அண்ணன் அதை என் சட்டைப்பைக்குள் போட்டார். இன்னும் அவர் உடம்புச் சூடு இருந்தது. "பிலோமிகிட்டச் சொல்லாத அருளு" என்றார். "படம் சரியா விழலைன்னு மட்டும் சொல்லு. கட்டுனது அவ. கேட்டா செத்துருவா."

திரும்பும்போது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் பசி. அண்ணன் இட்லியைப் பிட்டுப் பிட்டு வைத்தார். பக்கத்துக் கடையில் அவித்த முட்டையை மசாலாவில் புரட்டும் முட்டை மாஸ் வாசனை ஆளைத் தூக்கியது, ஆனால் அவர் முன்னால் நான் அதைத் தொடவில்லை. கீரமங்கலத்திலிருந்து பலாப்பழம் கொண்டுவந்து விற்கிற ஒரு அம்மா, அண்ணியின் கையிலிருந்த போர்வைப் பையைப் பார்த்துவிட்டு, "ஆசுபத்திரிக்கா? சேத்துக்கிறலயா?" என்று கேட்டார். "வெள்ளிக்கெழம வரச் சொல்லிருக்காங்க. படம் சரியா விழலையாம்" என்றார் அண்ணி. "அதுக்கென்ன ஆத்தா, எனக்கு ஆதார் படமே மூணு தடவ எடுத்தான்" என்று அந்த அம்மா ஒரு சுளையை நீட்டினார். அண்ணி சிரித்தார். என் சட்டைப்பை கனத்தது.

புதனும் வியாழனும் ஊரே வந்து விசாரித்தது. ஆப்பிளும் சாத்துக்குடியுமாக வீடு பழக்கடையானது. "மிசினே குத்தி மிசினே சுட்டுருமாம்ல?" என்றார் ஒருவர். "டாக்டர் எதுக்கு, கரண்டு போனா மெழுகுவத்தி புடிக்கவா?" என்றார் இன்னொருவர். நான் எல்லோருக்கும் விளக்கினேன்: அது வழியை மட்டும் சொல்லும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லும். கடைசியாகச் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரியாது என்று சொல்கிறவனுக்கு நம் ஊரில் என்றைக்கு மரியாதை இருந்தது?

எனக்கு ஆச்சரியமாக இருந்தது அண்ணிதான். தினமும் சாயங்காலம் அண்ணனுக்கு வெந்நீரில் துணி நனைத்து முதுகு துடைத்துவிடுகிறவர். வெள்ளிக்குப் பதில் இடுப்பில் ஒரு ஆஸ்பத்திரித் துணி கிடப்பதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோவிலுக்குப் போனார், வந்தார், உப்பில்லாமல் சமைத்தார். அவர் கவனிக்கவில்லை என்று நாங்கள் இரண்டு ஆண்பிள்ளைகளும் நம்பிக்கொண்டிருந்தோம்.

வெள்ளிக்கிழமை கார் வைத்துக்கொண்டு போனோம். அண்ணன் மறுக்கவில்லை, அதுவே நல்ல அறிகுறி இல்லை. இந்தத் தடவை டாக்டர் எங்கள் மூன்று பேரையும் உள்ளே கூப்பிட்டார். ஒரு ஆள் சட்டத்தைத் தளர்த்துகிறார்கள் என்றதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

திரையில் அதே ஈரல். சாம்பல் திட்டு போய்விட்டிருந்தது. அந்த இடத்தில் மஞ்சள். இரண்டு உருண்டைகள், ஒன்று பழையதைவிடப் பெரியது, பெரிய ரத்தக்குழாய் ஒன்றுக்குள் விரல் நுழைத்ததுபோல் நீண்டிருந்தது. பச்சைக் கோடு இல்லை. சிவப்புக் கோடும் இல்லை. படத்தின் ஓரத்தில் ஒரு வரி மட்டும் இருந்தது. டாக்டர் அதைத் தமிழில் சொன்னார்: "ஊசிக்குத் தோதான வழி எதுவும் இல்லைன்னு வருது. நானும் தனியாப் பாத்தேன். எனக்கும் அப்படித்தான் தோணுது. கட்டி கொழாய்க்குள்ள எறங்கியிருக்கு. இதச் சுட முடியாது."

மாத்திரை இருக்கிறது, வேகத்தைக் குறைக்கும், திருச்சியில் புற்றுநோய் டாக்டர் ஒருவரைப் பாருங்கள், மாதக்கணக்கில் மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே போக வேண்டும் என்றார். சுற்றி வளைக்காமல் சொன்னார். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார், சரியான விடையைச் சொல்லும் பையனைக் கேட்பதுபோல.

அண்ணி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "மொதப் படத்துல இது இல்லீங்களாம்மா?"

டாக்டரிடம் எதையும் மறைக்கச் சொல்ல எங்களுக்குத் தோன்றியிருக்கவில்லை. அவர் அண்ணனைப் பார்த்தார், பிறகு அண்ணியைப் பார்த்தார். "அந்த மூலை அப்பத் தெரியலம்மா" என்றார். அண்ணி "சரிங்கம்மா" என்று எழுந்துகொண்டார். ஏன் தெரியவில்லை என்று கேட்கவில்லை.

அவர்கள் காருக்குப் போனதும் நான் திரும்பி ஓடினேன். "மேடம், முதல்லயே தெரிஞ்சிருந்தா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "தெரியாது சார். அப்பவே கொழாய்க்குள்ள போயிருந்திருக்கலாம், போகாமலும் இருந்திருக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்றேன். அந்தப் பச்சைக் கோட்ட நம்பி நான் உள்ள போயிருந்தா, ஒண்ணச் சுட்டுட்டு ரெண்ட உள்ளயே விட்டிருப்பேன். அவரு ஈரல் அதத் தாங்கியிருக்காது." ஆறுதல் தேடித்தான் ஓடினேன். பாதி கிடைத்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை.

சனிக்கிழமை அண்ணன் கைப்பேசி முகப்பை மாற்றியிருந்தார். கம்பெனிக்காரன் போட்டுக்கொடுத்த மலையும் மேகமும். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "பரீட்ச முடிஞ்சா ஹால் டிக்கெட்டக் கிழிச்சுர வேண்டியதுதான்" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஒரு கொடியை அவிழ்த்து ஒரு நூலைக் கட்டிக்கொள்ளத் தெரியாமல் போயிற்றே. பிசிக்ஸாம், வாத்தியாராம். கோவில்வரை நடந்துபோய், தேர் நிற்கிற கொட்டகை நிழலில் உட்கார்ந்து அழுது தீர்த்துவிட்டு வந்தேன். மாதாவிடம் எதுவும் கேட்கவில்லை. என் சட்டைப்பையில் அவள்தான் இருந்தாள்.

ஞாயிறு காலை பூசை முடிந்து வந்ததும் நான் கிளம்ப வேண்டும். டாக்சி வந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கினேன்.

"தம்பி, சட்டப்பையில இருக்குறத எடுத்துக் குடுத்துட்டுப் போங்க" என்றார் அண்ணி.

நான் அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் தரையைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழமயே பாத்துட்டேன்" என்றார் அண்ணி. அவர் குரல் உயரவுமில்லை, உடையவுமில்லை. "அன்னிக்கு என்னய வெளிய உக்கார வச்சுட்டு உள்ள போறப்பவே ஏதோ இருக்குன்னு தெரியும். நீங்க ரெண்டு பேரும் பொய் சொல்லத் தெரியாதவுக."

கொடியைக் கொடுத்தேன். அவர் சுரூபத்தை மட்டும் கழற்றித் தன் தாலிச் சரட்டில் கோத்துக்கொண்டார். வெள்ளியை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு கறுப்பு நூலை எடுத்தார். கீரனூர்ச் சந்தையில் யாரிடமோ சொல்லி வாங்கியது. அதில் மணி இல்லை, முடிச்சில் தகரம் இல்லை. வெறும் நூல்.

"எந்திரிங்க" என்றார் அண்ணனிடம். அண்ணன் எழுந்து சட்டையைத் தூக்கிப் பிடித்தார். அண்ணி முதலில் கறுப்பு நூலை இடுப்பைச் சுற்றிக் கட்டி, இரண்டு முடிச்சுப் போட்டு, இழுத்துப் பார்த்தார். அதற்கப்புறம்தான் ஆஸ்பத்திரித் துணியைக் கத்தரியால் வெட்டினார்.

"பிலோமி" என்றார் அண்ணன்.

"அடுத்த படத்துல மறைக்காதுல்ல?" என்று அண்ணி என்னைப் பார்த்துக் கேட்டார். "நீங்க பிளான் பாக்குறவுகதான, சொல்லுங்க தம்பி. இது மறைக்காதுல்ல?"

"மறைக்காது அண்ணி" என்றேன்.

அவர் வெட்டிய துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். அண்ணன் இரண்டு கையாலும் சட்டையைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றிருந்தார். வெளியே டாக்சிக்காரர் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தார்.